கூடை சுமக்கும் தோளும் குண்டு போடும் தோளும்

இலங்கை மலையகத்தில், ஹற்றனுக்கும் பொகவந்தலாவைக்கும் இடைப்பட்ட தேயிலைத் தோட்டம் ஒன்றின் பாடசாலை மைதானத்தில், இல்ல விளையாட்டுப் போட்டிக்குச் சில நாட்களுக்கு முன்னர் ஒரு மாலை, பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி குண்டு போடப் பழகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாலைக் கொழுந்தை நிறுத்துவிட்டு லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் சிலரும் வேலியோரம் நின்றார்கள். அவர்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்கு இன்னும் ஈரமாகவே இருந்தது. "ஒம் மக கையப் பாத்தியா, ஆம்பளக் கையாட்டம் ஆயிருச்சி" என்று ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். அந்தத் தாய் பதில் சொல்லவில்லை. மைதானத்துக்குள் இறங்கி வந்து, தரையில் கிடந்த 3 கிலோ குண்டை ஒரு கையால் எடுத்து, நிறை பார்ப்பவரைப் போல இருமுறை அசைத்துப் பார்த்தார். "காலக் கொழுந்துல பாதிகூட வராதே சேர் இது" என்றார். குண்டைப் பிடித்திருந்த அவருடைய கையில், முழங்கைக்குக் கீழே, முறுக்கிய கயிற்றைப் போல இரண்டு தசைகள் எழுந்து நின்றன. மகளின் கையில் அதே தசைகள் இன்னும் அந்த அளவுக்குத் திரண்டிருக்கவில்லை.

இருபது வருடங்களுக்கு மேலாகக் கொழுந்து பறித்து உரமேறிய தாயின் கையை அந்தத் தோட்டத்தில் எவரும் ஆம்பளக் கை என்று சொன்னதில்லை. அது உழைக்கிற கை, குடும்பத்தைத் தாங்குகிற கை. ஒன்றரை வருடம் மட்டுமே பயிற்சி பெற்ற மகளின் கைக்குத்தான் அந்தப் பெயர் கிடைத்தது. ஆகவே, பெண்ணின் உடலில் தசை இருப்பது அல்ல இங்கே சங்கடம் தருவது. அந்தத் தசை யாருக்காக, எதற்காக வளர்கிறது என்பதே. விளையாட்டு வீராங்கனைகளின் உடலைப் பற்றி உலகெங்கும் நடந்துவரும் விவாதத்தை மலையகத்திலிருந்து பார்க்கும்போது எனக்கு முதலில் தெரிவது இதுதான்.

உடலியலில் இருந்து தொடங்குவது நல்லது. பெண் பிள்ளை பாரம் தூக்கினால் உடல் ஆணுடையதாக மாறிவிடும் என்ற பயம் தாய்மாரிடம் மட்டுமன்றி, சில ஆசிரியர்களிடமும் இருக்கிறது. தசை பெருப்பதில் முக்கிய பங்கு வகிக்கும் டெஸ்டோஸ்டெரோன் என்ற ஓமோன் பெண்ணின் உடலிலும் இயல்பாகவே சுரக்கிறது. ஆனால் அளவில் பெரிய வேறுபாடு உண்டு. பெரும்பாலான பெண்களின் குருதியில் அது லீற்றருக்கு 2 நனோமோலுக்கும் குறைவு. வளர்ந்த ஆண்களிலோ ஏறத்தாழ 8 முதல் 30 வரை இருக்கும். பருவமடையும் வயதில் ஆண் பிள்ளையின் தோள் அகன்று, எலும்பு தடித்து, தசை கூடுவது இதனால்தான். பயிற்சி செய்யும் பெண்ணின் தசையும் வளரும். தொடங்கிய அளவோடு ஒப்பிட்டால் ஆணுக்கு வளரும் அதே வீதத்தில்தான் வளரும். தொடங்கும் அளவு சிறிது என்பதால் முடியும் அளவும் சிறிதாகவே இருக்கும். முதல் சில வாரங்களில் கூடும் வலு தசை பெருத்ததால் வந்ததுகூட அல்ல. ஏற்கெனவே இருக்கும் தசை நார்களை ஒரே நேரத்தில் இயக்க நரம்புகள் பழகிக்கொள்வதால் வருவது. வருடக்கணக்காகத் திட்டமிட்டு உண்டு, திட்டமிட்டுப் பாரம் தூக்கும் பெண்ணுக்கே கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தசை திரள்கிறது. தெரியாமல், தற்செயலாக எந்தப் பெண்ணும் அந்த உடலை அடைந்துவிடுவதில்லை.

கண்ணுக்குத் தெரிவது என்பதும் தனியாக விளங்கிக்கொள்ள வேண்டிய ஒன்று. தோலுக்கடியில் உள்ள கொழுப்பு குறையும்போது, அதே அளவுத் தசை தெளிவாக வெளித் தெரிகிறது. நீண்ட தூரம் ஓடும் மெலிந்த பெண்ணின் காலில் குருதி நாளமும் தசையும் கோடு கோடாகத் தெரிவதற்கும், குண்டு போடும் பெண்ணின் தோள் உருண்டு பருத்திருப்பதற்கும் காரணம் ஒன்றல்ல. ஒவ்வொரு விளையாட்டும் தனக்கு வேண்டிய உடலைத் தானே செதுக்கிக்கொள்கிறது. ஆண்களிடம் இந்த வேறுபாட்டை எவரும் கேள்விக்குள்ளாக்குவதில்லை. மரதன் ஓடுபவனின் உடலும் பளுதூக்குபவனின் உடலும் இரண்டும் ஆணுடல்களாகவே ஏற்கப்படுகின்றன. பெண்களுக்கு மட்டும் ஒரே ஓர் உருவம் வரையப்பட்டு, எல்லா விளையாட்டு உடல்களும் அந்த ஒன்றோடு வைத்து அளக்கப்படுகின்றன.

வேலை செய்து வரும் தசைக்கும் பயிற்சியால் வரும் தசைக்கும் உள்ள வேறுபாட்டைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மலையகத்தின் கதை அதற்குள்தான் இருக்கிறது. கொழுந்து பறிக்கும் பெண், பல தோட்டங்களில், ஒரு முழுப் பேர் (ஒரு நாள் முழுச் சம்பளம்) விழுவதற்கு நாளொன்றுக்கு 18 கிலோ அளவில் பறிக்க வேண்டும். கூடைக்கயிறு உச்சந்தலையில் தங்கியிருக்க, பாரம் கழுத்திலும் தோளிலும் முதுகிலும் இறங்குகிறது. செங்குத்தான மலையில், மழையில் வழுக்கும் மண்ணில், ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்று, இரண்டு கைகளாலும் ஆயிரக்கணக்கான முறை ஒரே அசைவைச் செய்கிறார். பிறகு கொழுந்தை நிறுக்கும் மடுவம்வரை ஏறி இறங்குகிறார். இவ்வளவும் எந்தப் பயிற்றுநரின் கணக்கிலும் கடும் பயிற்சிதான். ஆனால் பயிற்சியின் அடிப்படை விதி, உடலுக்குப் பாரம் கொடுத்தபின் அதற்கு ஓய்வும் உணவும் கொடுப்பதாகும். தசை வளர்வது பாரம் தூக்கும்போது அல்ல, ஓய்வெடுக்கும்போது. மலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்த இரண்டாம் பாதி கிடைப்பதில்லை. விடியுமுன் எழுந்து சமையல், தண்ணீர், விறகு. பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலை. மாலையில் மீண்டும் அடுப்படி. ஆகவே அவருடைய தசை உரமேறும் அதே காலத்தில் கழுத்து எலும்பும் இடுப்பும் முழங்காலும் தேய்கின்றன. நாற்பது வயதில் தோள் வலுவாகவும் முழங்கால் முதியவருடையதாகவும் இருக்கும் பெண்களை ஒவ்வொரு லயத்திலும் காணலாம்.

இவ்வளவு வலுவைப் பயன்படுத்திக்கொண்ட தோட்ட முறை, அதை வலு என்று பெயர் சொல்லி அழைத்ததில்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவது, மண்ணை முள்ளுக் குத்துவது, வடிகால் கான் வெட்டுவது ஆகியவை பலம் வேண்டிய வேலைகள் என்று ஆண்களுக்கு ஒதுக்கப்பட்டன. கொழுந்து பறிப்பதோ பெண்ணின் மெல்லிய விரலுக்குப் பொருத்தமான வேலை என்று சொல்லப்பட்டது. கணக்கு முடிந்தால் ஆண்கள் பலர் பிற்பகலின் தொடக்கத்திலேயே வீடு திரும்பிவிட, பெண்கள் மாலை நிறுவைவரை மலையில் நின்றார்கள். அப்படியிருந்தும் 1984 வரை பெண்ணின் நாட்சம்பளம் ஆணின் சம்பளத்தை விடக் குறைவாகவே இருந்தது. தேயிலைப் பெட்டிகளிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் அச்சான கொழுந்து பறிக்கும் பெண்ணைக் கவனித்துப் பாருங்கள். புன்னகை, நெற்றிப் பொட்டு, வண்ணச் சேலை, இலையைத் தொடும் விரல் நுனி எல்லாம் இருக்கும். முன்கைத் தசை இருக்காது. கூடையின் பாரம் படத்தில் தெரியாது.

பெண்ணின் உடலுக்கு எது தாங்கும், எது தாங்காது என்று பிறர் முடிவு செய்த வரலாற்றை 800 மீற்றர் ஓட்டத்தைக் கொண்டே சொல்லிவிடலாம். 1928 இல் அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முறையாக இந்த ஓட்டம் நடந்தது. ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 செக்கனில் வென்றார். ஓடி முடித்த பெண்கள் களைத்துத் தரையில் அமர்ந்ததையும் படுத்ததையும் பத்திரிகைகள் ஊதிப் பெருப்பித்து, பெண்கள் மயங்கி விழுந்தார்கள் என்றும், இது பெண்ணுடலுக்கு ஆகாது என்றும் எழுதின. அந்த அறிக்கைகளில் பெரும்பகுதி மிகைப்படுத்தல் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஆனால் அதற்குள் ஓட்டம் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டு, 1960 இல் ரோமில்தான் திரும்பி வந்தது. 32 ஆண்டுகள். அதே 32 ஆண்டுகளிலும் நம் அம்மாயிமார் மழையில் மலையேறிக்கொண்டிருந்தார்கள். அது பெண்ணுடலுக்கு ஆகுமா என்று எந்தப் பத்திரிகையும் கேட்கவில்லை.

அதே 800 மீற்றரில் இன்றும் உடைக்கப்படாத உலக சாதனை, 1983 இல் செக்கோஸ்லோவாக்கியாவின் யார்மிலா கிராடொக்விலோவா ஓடிய 1 நிமிடம் 53.28 செக்கன். அகன்ற தோளும் திரண்ட கைகளும் கொண்ட அவருடைய தோற்றமே அவருக்கு எதிரான குற்றச்சாட்டாகியது. அவர் எந்த ஊக்கமருந்துப் பரிசோதனையிலும் அகப்படவில்லை. சிறுவயது முதல் செய்த பண்ணை வேலையையும் கடும் பயிற்சியையுமே தன் வலுவுக்குக் காரணமாகச் சொல்லிவந்தார். மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் கிழக்கு ஜெர்மனியில் அரசே திட்டமிட்டு, பதின்ம வயதுச் சிறுமிகளுக்கு, பல வேளைகளில் அவர்களுக்கே தெரியாமல், ஆண் ஓமோனை ஒத்த ஊக்கமருந்துகளைக் கொடுத்துவந்தது பின்னர் ஆவணங்களோடு வெளியானது. குரல் தடித்து, ஈரல் கெட்டு, வாழ்நாள் முழுவதும் நோயோடு வாழ்ந்தவர்கள் உண்டு. அந்தக் குற்றத்தைச் செய்தவர்கள் பயிற்றுநர்களும் வைத்தியர்களும் அதிகாரிகளும். அதன் நிழலோ அன்றுமுதல் தசை தெரியும் ஒவ்வொரு பெண்ணின் மீதும் விழுகிறது. அடுத்தவர் செய்த குற்றத்துக்கு உடலைக் காரணம் காட்டிச் சந்தேகப்படுவது நியாயமாகாது என்பதே என் எண்ணம்.

சந்தேகம் அத்தோடு நிற்கவில்லை. 1966 இல் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியப் போட்டியில், வீராங்கனைகள் ஆடை களைந்து வைத்தியர்கள் முன் நின்று தாங்கள் பெண்கள் என்று காட்ட வேண்டியிருந்தது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அது நிறமூர்த்தப் (குரோமோசோம்) பரிசோதனையாக மாறியது. எல்லாப் பெண்களையும் சோதிக்கும் வழக்கத்தைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 1999 இல் கைவிட்டது. ஆனால் சந்தேகம் எழுந்தால் சோதிக்கலாம் என்ற வழி திறந்தே இருந்தது. அந்த வழியில் வீழ்த்தப்பட்டவர்களுள் ஒருவர் நமக்கு நெருக்கமானவர். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன், செங்கல் சூளையில் வேலை செய்த குடும்பத்தின் பிள்ளை. 2006 இல் தோஹா ஆசிய விளையாட்டு விழாவில் 800 மீற்றரில் வெள்ளி வென்றார். சில நாட்களில் பாலினப் பரிசோதனை என்ற பெயரில் அவருடைய பதக்கம் பறிக்கப்பட்டது. ஊடகங்கள் வாயிலாக ஊருக்கெல்லாம் அது செய்தியாயிற்று. புதுக்கோட்டையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கால்நடையாக வந்து கண்டிச் சீமையில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். சாந்தியின் புகைப்படத்தைப் பார்க்கும்போது நம் லயத்துப் பெண் ஒருத்தியைப் பார்ப்பதைப் போலவே எனக்கு இருந்தது, இப்போதும் இருக்கிறது.

தென்னாபிரிக்காவின் காஸ்டர் செமென்யா 2009 இல் பெர்லினில் உலகச் சம்பியனானபோது அவருக்கு வயது 18. அதுவும் 800 மீற்றர்தான். இயல்பாகவே டெஸ்டோஸ்டெரோன் கூடிய பெண்களுக்கு விதித்த கட்டுப்பாட்டை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கு பல நீதிமன்றங்களைத் தாண்டி, 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு, அவருக்குச் சுவிட்சர்லாந்து நீதிமன்றத்தில் நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. இதற்கிடையில் உலக மெய்வல்லுநர் சம்மேளனம் 2018 இல் 400 மீற்றர் முதல் ஒரு மைல்வரையான ஓட்டங்களுக்கு டெஸ்டோஸ்டெரோன் லீற்றருக்கு 5 நனோமோல் என்று வைத்த எல்லையை, 2023 இல் எல்லா நிகழ்ச்சிகளுக்கும் 2.5 ஆகக் குறைத்தது. 2025 செப்டம்பர் முதல் பெண்கள் பிரிவில் போட்டியிட மரபணுப் பரிசோதனை ஒன்றையும் கட்டாயமாக்கியது. ஆண் பருவ வளர்ச்சி தரும் அனுகூலம் உண்மையானது. உச்ச நிலை ஓட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே ஏறத்தாழ 10 முதல் 12 வீத இடைவெளி இருக்கிறது. பெண்களுக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்பதற்கு அதுவே அடிப்படை. எல்லை எங்கே என்று விஞ்ஞானமும் சட்டமும் விவாதிப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தோளையும் முகத்தையும் நடையையும் பார்த்துத் தொடங்கும் சந்தேகம் இவ்விவாதத்தின் பகுதியாக முடியாது. அது, பிறப்பிலிருந்து எந்த மாறுபாடும் இல்லாத பெண்களையும் ஒருசேரப் பிடித்துக்கொள்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். டங்கன் வைட் 1948 இல் வென்ற பதக்கத்துக்குப் பின் 52 ஆண்டுகள் கழித்து, இலங்கைக்கு ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவந்தவர் சுசந்திகா ஜயசிங்க. 2000 இல் சிட்னியில் 200 மீற்றரில் மூன்றாவதாக வந்தார். முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து பயன்படுத்தியதை ஒப்புக்கொண்ட பின்னர் அது வெள்ளியாயிற்று. வறிய குடும்பத்தில் பிறந்து, 1997 இல் உலகப் போட்டியில் வெள்ளி வென்ற அவர்மீது 1998 இல் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு எழுந்து, பின்னர் அவர் அதிலிருந்து விடுவிக்கப்பட்டார். தமயந்தி தர்ஷா 1998 பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில் 200 மீற்றரிலும் 400 மீற்றரிலும் தங்கம் வென்று, 2002 இல் பூசானில் 400 மீற்றரை மீண்டும் வென்றார். அதன்பின் 21 ஆண்டுகள் ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு மெய்வல்லுநர் தங்கம் இல்லை. அந்த இடைவெளியை 2023 இல் ஹாங்சௌவில் முடித்தவர் கண்டி மாவட்டத்து வலல பாடசாலையில் பயின்ற தருஷி கருணாரத்ன. 800 மீற்றர், 2 நிமிடம் 3.20 செக்கன், வயது 18. நம் தமிழ்ப் பெண்களில் தர்ஜினி சிவலிங்கத்தின் பெயரைச் சொல்லாமல் போக முடியாது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, 208 சென்ரிமீற்றர் உயரத்தோடு வளர்ந்து, அந்த உயரத்துக்காகச் சிறுவயதில் கேலிக்கு ஆளானதைப் பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். பெண்ணுக்கு ஆகாது என்று ஊர் சிரித்த அதே உயரம் 2009 இலும் 2018 இலும் இலங்கை வலைப்பந்தாட்ட அணியை ஆசியச் சம்பியனாக்கியது.

பெண்ணின் அழகைப் பற்றித் தமிழில் நமக்கு வந்துசேர்ந்த சொற்களில் பெரும்பாலானவை மென்மையைச் சொல்பவை. மெல்லியலாள், கொடியிடை, பூங்கரம். ஆனால் பழந்தமிழில் வேறொரு சொல்லும் உண்டு. சங்கப் பாடல்கள் பெண்ணின் தோளை மூங்கிலோடு ஒப்பிட்டு வேய்த்தோள் என்றும், பணைத்தோள் என்றும் வியந்து பேசுகின்றன. அது தசையைப் புகழ்ந்த சொல் அல்ல என்பது சரியே; திரட்சியையும் வழவழப்பையும் வளைவையும் நினைத்துச் சொன்னது. எனினும் ஒடிந்து விழும் தோளை எவரும் பணைத்தோள் என்று பாடமாட்டார்கள். பருத்த தோள் பெண்ணுக்கு அழகு என்று நினைத்த மொழி, காலப்போக்கில் அந்த நினைவை இழந்து, மெலிவை மட்டும் வைத்துக்கொண்டது. இன்று கலியாணப் புகைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் கைத்தொலைபேசித் திரையும் அந்த மெலிவை இன்னும் இறுக்கிவிட்டன. தோலை வெளுக்கச் செய்யும் கிறீம் தோட்டக் கடையிலும் கிடைக்கிறது. வெயிலில் ஓடும் பெண் கறுத்துப்போவாள், யார் கட்டுவார்கள் என்ற கேள்வி தசையைப் பற்றிய கேள்வியோடு ஒட்டியே வருகிறது. வெயிலில் கொழுந்து பறிக்கும் பெண்ணும்தான் கறுத்துப்போகிறாள்.

பெண் பிள்ளைகள் மைதானத்தை விட்டு விலகும் காலம் பெரும்பாலும் பெரிய மனுஷியாகும் காலமே. ஆண்டு ஆறிலும் ஏழிலும் பையன்களை முந்தி ஓடிய சிறுமிகள் ஆண்டு ஒன்பதில் பார்வையாளர் வரிசையில் நிற்பார்கள். இதற்குக் காரணம் அழகு பற்றிய எண்ணம் மட்டுமே என்று சொன்னால் அது பாதி உண்மைதான். பாடசாலைக்கும் லயத்துக்கும் இடையில் சில மைல் தேயிலைப் பாதை. பயிற்சி முடியும் நேரம் மலையில் பனி மூட்டம் இறங்கும் நேரம். கடைசி பஸ் போய்விட்டால் நடக்க வேண்டும். தட்டையான நிலம் அரிது என்பதால், பல இடங்களில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களமே பயிற்சிக்களம். அங்கே கட்டைக் காற்சட்டையோடு ஓடும் பெண்ணைப் பார்க்கும் கண்கள் எத்தனை! உடை பற்றிய சங்கடம் நமக்கு மட்டும் உரியதும் அன்று. 2021 இல் நோர்வேயின் கடற்கரைக் கைப்பந்தாட்டப் (ஹேண்ட்போல்) பெண்கள், விதித்த சிற்றாடையை மறுத்துக் கட்டைக் காற்சட்டை அணிந்ததற்காக 1,500 யூரோ தண்டம் கட்ட நேர்ந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் விதி மாற்றப்பட்டது. ஓரிடத்தில் கூடுதலாக மூடச் சொல்கிறார்கள், இன்னோரிடத்தில் குறைவாக மூடச் சொல்கிறார்கள். இரண்டிடத்திலும் அணிபவரைக் கேட்பதில்லை. முழங்கால் மறையும் ஆடையோடு பயிற்சிக்கு அனுமதித்த பாடசாலைகளில் பிள்ளைகள் நின்றுவிடாமல் தொடர்வதைக் கண்டிருக்கிறேன். சின்ன விடயம்தான், ஆனால் அதனால் ஒரு பிள்ளை மைதானத்தில் நிற்கிறாள்.

மெலிவுதான் அழகு என்ற எண்ணம் வசதியான நாடுகளில் உண்டாக்கும் தீங்கை விட, உணவு குறைந்த வீட்டில் உண்டாக்கும் தீங்கு பெரிது. செலவிடும் சக்திக்கு ஏற்ற உணவு கிடைக்காத வீராங்கனைக்கு மாதவிடாய் தடைப்படும், எலும்புத் திணிவு குறையும், சிறு அடியிலும் எலும்பில் வெடிப்பு விழும். 2014 இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இந்நிலைக்குத் தனிப் பெயரிட்டு வரையறுத்தது. எலும்பு தன் உச்சத் திணிவை ஏறத்தாழ முப்பது வயதுக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும். பதின்ம வயதில் தவறவிட்டதைப் பிறகு முழுமையாக ஈடுசெய்ய இயலாது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டப்புறத்தில் 32 வீதம். இப்படித் தொடங்கும் பிள்ளையிடம், குண்டாகிவிடுவாய், அளவாகச் சாப்பிடு என்று சொல்வது கொடுமை. தேத்தண்ணி பற்றியும் ஒரு சொல். சாப்பாட்டோடு குடிக்கும் சாயத்தண்ணி, மரக்கறியிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைப் பெருமளவு தடுக்கிறது. மாதவிடாயில் இரும்பை இழக்கும் பெண்ணுக்கு, அதுவும் ஓடுகிற பெண்ணுக்கு, குருதிச்சோகை என்பது மூச்சு வாங்குவதிலும் கால் கனப்பதிலும் உடனே தெரியும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி குடிப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

புரதத்தின் கணக்கு இன்னும் கடினமானது. பயிற்சி செய்யும் ஒருவருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 2 கிராம்வரை புரதம் தேவை. 50 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். நூறு கிராம் உளுந்தில் ஏறத்தாழ 24 கிராம். ரொட்டியும் கட்டைச்சம்பலும் தேத்தண்ணியுமாகப் போகும் நாளில் இந்தக் கணக்கு நிறைவேறாது. ஆனால் நம் வீடுகளில் ஒரு காலம் மட்டும் இந்த உணவு பெண் பிள்ளைக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. பெரிய மனுஷியானதும் உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் நாட்டுக்கோழி முட்டையும் தேடிக் கொண்டுவந்து கொடுக்கிறோம். இடுப்பு எலும்பு உரமாக வேண்டும், நாளைக்குப் பிள்ளை பெற வேண்டும், மலைக்குப் போக வேண்டும் என்று அப்பாயியும் அம்மாயியும் அடித்துச் சொல்வார்கள். பெண்ணின் உடல் வலுவாக இருக்க வேண்டும் என்பது இந்தச் சமூகத்துக்கு அந்நியமான எண்ணம் அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். சடங்கு முடிந்து, பந்தல் பிரித்து, மொய்க் கணக்குப் பார்த்து முடிந்ததும் முட்டை நின்றுவிடுகிறது.

குண்டு போடும் அந்தச் சிறுமியின் வீட்டில் அது நிற்கவில்லை. சடங்கு நடந்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. லயத்துக்குப் பின்னால், பழைய தகரத்தை மடக்கி அடித்த கூட்டில் நான்கு கோழிகள் நிற்கின்றன. மலைக்குப் போகுமுன் தாய் இரண்டு முட்டைகளை அவித்துச் சட்டியில் மூடி வைக்கிறார். மகள் அவற்றைச் சாப்பிட்டுவிட்டு, தேத்தண்ணியைப் போத்தலில் ஊற்றிக்கொண்டு பாடசாலைக்கு இறங்குகிறாள்; அதைக் குடிப்பது முதலாம் பாடம் முடிந்த பிறகு.